அத்தாவும் லித்தியம் பாட்டரியும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது சீறாப்புராண உவமைகள் குறித்து எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டிருந்தேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஆயினும் எழுத அமர்ந்த ஒவ்வொரு முறையும், 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியே முன்வந்து நின்றது. அதை எழுதி முடித்தாலன்றி உமறுப் புலவரிடம் செல்ல இயலாது என்று உணர்ந்தமையால் இதனை எழுதுகின்றேன். தமிழ்த்துறை மலரில் மோட்டார் சைக்கிள் பாட்டரிக்கு என்ன வேலை என்று கேட்கும் சான்றோர்கள் பொறுத்தருள்க.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பள்ளிப் பாடநூல்கள் ஒற்றை அறையை மின்கலம் என்றும், பல அறைகள் சேர்ந்ததை மின்கல அடுக்கு என்றும் பிரித்துச் சொல்லும். பிரிவு சரியானதே. ஆனால் நான் சோறு தின்று வளர்ந்தது பாட்டரி என்ற சொல்லால்தான். என் தந்தையார் கம்பத்தில் 1976 முதல் 2010 வரை, முப்பத்துநான்கு ஆண்டுகள், பாட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தார். ஆகவே இக்கட்டுரை முழுவதும் பாட்டரி என்றே எழுதுகின்றேன்.

கம்பத்திலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன்னே புறப்பட்டுவிடும். முந்தின இரவு எங்கள் கடையில் விடப்பட்ட பாட்டரிகள் அதற்குள் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். நீண்ட மரப்பலகையின்மேல் அவற்றை வரிசையாக வைத்து, ஒன்றின் முனையை அடுத்ததன் முனையோடு ஈயப் பட்டையால் இணைத்து, இரவெல்லாம் மெல்ல மெல்ல மின்சாரம் ஏற்றுவார் அத்தா. மூடிகளைக் கழற்றி வைத்திருப்பதால் ஆசிட் கொதிக்கும் ஓசை, உலையில் அரிசி வேகும் ஓசைபோல் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பஜ்ர் தொழுகைக்குச் செல்லும் வழியில் கடைக்குள் நுழைந்து ஓசையை மட்டும் கேட்டே, "மூணாவது இன்னும் ஏறல" என்று சொல்லிச் செல்வார். அவர் அணிந்த கைலி எதிலும் ஆசிட் தெறித்த ஓட்டை இல்லாததை நான் கண்டதில்லை. பெருநாளைக்கு எடுத்த புதுக் கைலி ஒன்றை அம்மா பெட்டியில் பூட்டியே வைத்திருந்தார்கள்.

தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டுமேயன்றி ஆசிட்டில் தண்ணீரை ஊற்றலாகாது என்பதை அரிச்சுவடிக்கு முன்பே கற்றவன் நான். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை ஆடும் ஹைட்ரோமீட்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிக்கவும் அறிவேன். 1250 என்று காட்டினால் நிறைவு. 1150க்குக் கீழே இறங்கினால் பட்டினி. இதன் காரணம் எளியது. ஈயப் பாட்டரியில் மின்சாரம் செலவாகும்போது அமிலத்திலுள்ள கந்தகக் கூறு தகடுகளில் சென்று படிந்துவிடுகிறது. எஞ்சியது தண்ணீராகிக்கொண்டே வருகிறது. எனவே நீர்மத்தின் அடர்த்தியை அளந்தால் உள்ளிருக்கும் மின்சாரத்தையே அளந்ததாகும். பட்டினி நாட்கணக்கில் நீண்டால் படிந்த உப்பு இறுகிப் பாறையாகிவிடும். அந்தப் பாட்டரியை மீட்பது கடினம். "வாரத்துக்கு ஒரு தடவ நாடி பாக்கணும், கொறஞ்சா ராத்திரியே ஏத்திடணும்" என்பது அத்தாவின் விதி. அவ்விதியைக் கொண்டுதான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். என் எம்.ஃபில். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டிய செலவும் அப்பலகையின் மேலிருந்து வந்ததே.

பின்னர் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, வாய் மூடிய பாட்டரிகள் பெருகின. முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. கடையை மூடினார். பலகையும் பழைய சார்ஜரும் ஹைட்ரோமீட்டரும் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தன.

நான் கல்லூரிக்குச் சென்று வரும் மோட்டார் சைக்கிள் 2020இல் வாங்கியது. கிக்கர் இல்லாதது, பொத்தானை அழுத்தித்தான் கிளப்ப வேண்டும். அதனோடு வந்த ஈயப் பாட்டரி இரண்டரை ஆண்டில் ஓய்ந்தது. 2022 இறுதியில் அதற்குப் பதிலாக லித்தியம் பாட்டரி ஒன்றை வாங்கி வந்தேன். அத்தா அதைக் கையில் வாங்கியதும் சற்றுத் திகைத்துப் போனார். பழையதன் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல தண்ணி எங்கடா?" என்று கேட்டார். "தண்ணியே கிடையாது அத்தா" என்றேன். "அப்ப அது பாட்டரி இல்ல, பொம்ம" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அன்று எல்லோரும் சிரித்தோம்.

லித்தியம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அதில் பல சாதிகள் உண்டு. 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பாட்டரியில் கோபால்ட் இருந்தது. மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்கு இன்று பெரிதும் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகை. தீப்பற்றும் அச்சம் ஒப்புநோக்கக் குறைவு. 1997இல் இவ்வகையை உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. எழுதியவர் மூவரில் பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் இரு பெயர்கள் நம் காதுக்குப் பழகியவை. மூன்றாமவர் ஜான் குட்இனஃப். 2019இல் தம் 97ஆம் வயதில் நோபல் பரிசு பெற்று, 2023இல் நூறு வயதில் மறைந்தவர்.

இப்பாட்டரியில் நான்கு அறைகள். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், ஆக 12.8. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். ஈயப் பாட்டரியில் அறைகள் ஆறு. முழுவதும் ஏற்றி ஓய்வில் வைத்தால் 12.6 அல்லது 12.7 காட்டும், 12.8 கண்டால் அத்தாவுக்கு முகம் மலர்ந்துவிடும். லித்தியமோ நிறைந்திருக்கையில் ஓய்வில் 13.3க்குக் குறையாது காட்டும். பாதி செலவான பிறகும் 13.2 அளவிலேயே நிற்கும். எவ்வளவு இறைத்தாலும் ஒரே மட்டம் காட்டிவிட்டுத் திடீரென்று தரை தெரியும் கிணறு அது. 12.8க்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்று கொள்ளலாம். ஒருவருக்கு நிறைவைக் குறிக்கும் எண் மற்றொருவருக்கு வறட்சியைக் குறிக்கிறது. இதை நான் படித்து அறிந்திருந்தேன். அத்தாவுக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டால், அவர் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு விடையில்லை.

மே மாதம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக மதுரை சென்றேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் புறப்பட்டுப் பத்தாம் நாள் திரும்பினேன். சாவியைத் திருகினால் வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சுழி. அத்தாவும் என் மகனும் வண்டியைச் சரிவில் தள்ளிக் கிளப்ப முயன்றார்கள். இக்கால வண்டிகளில் பெட்ரோலைத் தெளிப்பதற்கே மின்சாரம் வேண்டும். அறவே மின்சாரம் இல்லாதபோது தள்ளினாலும் பயனில்லை. "போன வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு வந்து பாத்தேனே, 12.8 இருந்துச்சே" என்றார் அத்தா. நான் ஊரில் இல்லாதபோதும் அவர் நாடி பார்த்திருக்கிறார். நாடி சரியாகத்தான் கிடைத்திருக்கிறது. அந்நோயாளிக்கு அது என்ன பொருள் என்பதுதான் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

மறுநாள் வைகறையில் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது தாழ்வாரத்தில் பழைய சார்ஜரின் உறுமல் கேட்டது. அத்தா பஜ்ருக்குப் புறப்படுமுன் என் பாட்டரியைக் கழற்றி, அதன் முனைகளில் தம் முதலைவாய்க் கவ்விகளை மாட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சார்ஜர் வோல்ட்டைத் தானே அடக்கிக்கொள்ளத் தெரியாதது, 16ஐயும் தாண்டும். ஈயப் பாட்டரி அதைத் தாங்கும். மிகையான மின்சாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். லித்தியத்தில் கொதிப்பதற்குத் தண்ணீர் ஏது? 14.6க்கு மேல் ஏற்றுவது அதற்குக் கேடு. பதறிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். பாட்டரியைத் தொட்டேன், இளஞ்சூடு. அத்தா கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்ன அத்தா இது! தெரியாத வேலையில கைய வைக்கலாமா?" என்றேன். குரலும் உயர்ந்துவிட்டது. என் மகன் வாசற்படியில் நின்றிருந்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கவ்விகளை எடுத்துச் சுருட்டிச் சார்ஜரின்மேல் வைத்தார். உள்ளே போய்விட்டார். "தெரியாத வேலை" என்ற சொல்லை நான் யாரிடம் சொன்னேன் என்பது அம்மா என்னைப் பார்த்த பார்வையில்தான் உறைத்தது. அதன் பின் அத்தா என்னிடம் நேரில் பேசவில்லை. கோபமும் காட்டவில்லை. தேவையானவற்றைப் பேரனிடம் சொல்லி அனுப்புவார். ஒரே வீட்டில், ஒரே தொழுகை வரிசையில், அவ்வாறே நாட்கள் கழிந்தன.

பாட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீட்டர் சுழி காட்டியதால் அது செத்துவிட்டதாகப் பொருளில்லை. இவ்வகையில் பலவற்றுள் ஒரு காவல் சுற்று இருக்கிறது. அறைகள் அபாய அளவுக்கு வறளுமுன் வாசலை அடைத்துவிடும். வெளியிலிருந்து அளப்பவருக்குச் சுழியே தெரியும். ஓரிரு நாட்களுக்குள் கண்டுபிடித்தால் லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜரால் எழுப்பிவிடலாம். மாதக்கணக்கில் வறண்டு கிடந்ததை எழுப்ப முயல்வது ஆபத்து. உப்பியிருந்தாலும், இனிப்பும் காரமும் கலந்தாற்போன்ற வாடை வந்தாலும், தொடாமலே சுட்டாலும் சார்ஜில் போடவே கூடாது. அத்தகையதைக் குப்பையில் எறிவதும் தவறு. 2022இல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. என் பாட்டரியைக் கொல்லைப்புறச் சிமெண்டுத் தரையில், எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாமல், பகல் முழுவதும் வைத்துப் பார்த்தேன். உப்பவில்லை. பிறகு உரிய சார்ஜரால், அருகிலேயே அமர்ந்து ஏற்றினேன். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: சில சார்ஜர்களில் பழைய ஈயப் பாட்டரியின் இறுகிய உப்பைக் கரைப்பதற்கென்று 'ரிப்பேர்' என்றொரு பொத்தான் இருக்கும்; லித்தியத்துக்கு அதை அழுத்தவே கூடாது. ஓர் இரவு ஓய்வுக்குப் பின் 13.3 நின்றது. வண்டி கிளம்பியது.

அடுத்து வண்டி ஏற்றும் மின்சாரத்தைச் சோதித்தேன். எஞ்சின் ஓடும்போது முனைகளில் அளந்தால், வேகத்தைக் கூட்டியபோதும் 14.1, சரியான அளவு. அது 14.8 போல் உயர்ந்திருந்தால் ரெகுலேட்டரையும், 13க்கு மேல் ஏறாதிருந்தால் அதற்கு மின்சாரம் தரும் சுருளையும் வயர்களையும் ஐயுற வேண்டும். முனைத் திருகுகளும் இறுகியே இருந்தன. சிறிய திருகுகள், அதிர்வில் தளரும். பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தால் பாட்டரியைப் பழிக்குமுன் இவற்றைத் தொட்டுப் பார்ப்பது நலம். எல்லாம் சரியாயிருக்கவே குற்றம் பாட்டரியுடையதென்று முடிவு கட்டி, அதை விற்ற கடைக்குச் சென்று வாதாடினேன். கடைக்காரர் வயதில் என் மாணவரை ஒத்த இளைஞர். பளு கொடுத்துச் சோதித்துவிட்டு, "பாட்டரி நல்லா இருக்கு சார், வண்டியப் பாருங்க" என்றார். நான் நம்பவில்லை. வகுப்பில் பேசும் குரலில் அவரிடமும் சிலவற்றைப் பேசிவிட்டு வந்தேன்.

பாட்டரியின் குற்றத்தை மெய்ப்பிக்கவென்றே வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைத்தேன். ஒன்பதாம் நாள் மீண்டும் சுழி. வெற்றி பெற்றவன்போல் வீட்டார் கேட்க உரக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் மகன் வந்தான். "அத்தா, தாத்தா சொல்லச் சொன்னாங்க" என்று தயங்கினான். "சொல்லு" என்றேன். "கொடத்தத் திட்டிக்கிட்டே இருக்கான், ஓட்ட எங்கன்னு பாக்கச் சொல்லுன்னாங்க."

நெடுநேரம் அங்கேயே நின்றேன். பிறகு பாட்டரியை மறுபடி ஏற்றி, வண்டியில் பொருத்தி, மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் அமர்ந்திருந்த திண்ணைக்குச் சென்றேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. "அத்தா, நீங்களே வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் பேரனைப் பார்த்து, "கண்ணாடிய எடுத்துட்டு வா" என்றார்.

அவர் செய்ததெல்லாம் கடைக்காலத்து முறைதான். சாவியை அணைத்து எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டர் இணைந்திருக்கையில் யாரேனும் சாவியைத் திருகினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பாட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, கழற்றிய இடைவெளியில் மீட்டரை ஆம்பியர் அளக்கும்படி மாட்டச் செய்தார். உறங்கும் வண்டி குடிக்கும் மின்சாரம் அதில் தெரியும். 20 மில்லி ஆம்பியர் என்று காட்டியது. "ஒவ்வொரு ஃபியூஸா உருவு" என்றார். உருவினேன், எண் அசையவில்லை. இறுதியில் பாட்டரி முனையிலிருந்து தனியே ஓடும் மெல்லிய சிவப்பு வயரைச் சுட்டி, "இது என்ன?" என்றார். எங்கள் தெருவில் ஒரு வண்டி களவு போன அச்சத்தில், வண்டி இருக்குமிடத்தைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் கருவி ஒன்றை அவ்வாண்டு ஜனவரியில் நானே வாங்கி மாட்டியிருந்தேன். அன்றாடம் ஓடும் வண்டியில் அதன் பசி தெரியவில்லை. அந்த வயரைப் பிரித்ததும் மீட்டர் 1க்கு இறங்கியது.

"இருவது. ஒரு நாளைக்கு இருவத்திநாலு மணி நேரம். நானூத்தி எம்பது, அரை ஆம்பியர்னு வச்சுக்க" என்று கண்ணை மூடிக் கணக்கிட்டார். "இது எத்தன ஆம்பியர் பாட்டரி?" பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 12 என்று இருந்தது. அது அவ்வளவு திறனுள்ள ஈயப் பாட்டரிக்கு ஈடாக வண்டியைக் கிளப்பும் என்ற பொருளில் போடப்படும் எண். உள்ளே உண்மையாக இருப்பது 4 என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தும் நான் அவ்வெழுத்தைப் படித்ததில்லை. "நால அரையால வகுடா. எட்டு நாளு. நீ போயி எட்டு நாளுல குடிச்சுருச்சு" என்றார். என்னை நோக்கிச் சொன்ன சொற்கள் அவை. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின்.

அக்கருவிக்கு ஒரு மறைவான சுவிட்ச் வைத்தோம். விடுமுறையில் வண்டி நெடுநாள் நிற்குமெனில் அதை அணைத்துவிட்டு, பாட்டரியைக் கழற்றி, பாதிக்குச் சற்று மேல் மின்சாரம் இருக்குமாறு நிழலில் வைப்பது வழக்கமாயிற்று. நிறைய ஏற்றி வெயிலில் வைப்பதே லித்தியத்தை விரைவில் முதுமையாக்கும். கல்லூரியில் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துவதும் அதனால்தான். சக பேராசிரியர்கள் வேறு காரணம் கற்பிக்க வேண்டா. கடை இளைஞரிடமும் சென்று பேசிவிட்டு வந்தேன். அவர் தேநீர் வாங்கித் தந்தார்.

அன்று மாலை அத்தா கடைக்காலத்து நாட்குறிப்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். பாட்டரிகளின் அளவுகளை அவர் கையால் எழுதி வைத்திருந்த ஏடு அது. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, "உன் பொம்மைக்குக் கணக்கு எழுது" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். 13.3, நிறைவு, 13.2, பாதி, 12.8, வறட்சி என்று எழுதினேன். 12.8 என்ற இடத்தில் விரலை வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்துறது எவ்வளவு?" என்றார். "14.6க்கு மேல கூடாது அத்தா." பேனாவை வாங்கி அதைத் தாமே எழுதிக்கொண்டார். எழுத்து நடுங்கியிருந்தது, எண்கள் தெளிவாக இருந்தன.

இன்றும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் மீட்டரோடு வண்டியருகே செல்கிறார். சென்ற வாரம் 13.3 என்று எழுதி, பக்கத்தில் தேதியிட்டிருக்கிறார். பழைய சார்ஜரைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா என்று மகன் கேட்டபோது, வேண்டாம் என்றவன் நான்.